வேரடி மண்ணைப் படித்தவர்

நுழையும்முன்

விதைத்தவர் முளையைக் காண்கிறார். அறுத்தவர் கதிரைக் காண்கிறார். வேரடி மண்ணில் நிகழ்வதைக் கண்டவர் சிலரே. மண்ணின் வளம் என்பது மூட்டையில் அளந்து கொட்டும் பொருளன்று. அது கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓயாத உழைப்பு என்பதை அறிவியல் உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. அவ்வுண்மையை இந்திய உழவர்களின் வயல்களில் கற்று, உலகுக்கு எடுத்துரைத்த அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இப்பாடம்.

உளுந்தின் வேரில் ஓர் உலகம்

காவிரியின் கடைமடைப் பகுதியான திருக்கடையூர் வட்டாரத்தில் சம்பா அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன்பே, நெற்பயிரின் ஊடே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளிப்பது வழக்கம். அதற்கெனத் தனி உழவில்லை. தனிப் பாசனமும் இல்லை. நெல் அறுவடையான பின், வயலில் எஞ்சிய ஈரத்தையும் தைப்பனியையும் கொண்டே அவை வளர்ந்து காய்க்கின்றன.

அவ்வாறு வளர்ந்த உளுந்தஞ்செடி ஒன்றை வேரோடு தோண்டி எடுத்து, மண்ணை மெல்லக் கழுவிப் பார்த்தால் வேரில் சிறுசிறு முண்டுகள் தெரியும். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிருக்குத் தரும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் அம்முண்டுகளில் வாழ்கின்றன. இச்செய்தியை நாம் கீழ்வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். அதே வேரில் கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் உறவும் உண்டு. தலைமுடியினும் பன்மடங்கு மெல்லிய பூஞ்சை இழைகள் வேரின் உள்ளே புகுந்தும், வெளியே மண்ணில் நெடுந்தொலைவு பரவியும் வாழ்கின்றன. இவ்வுறவுக்கு மைக்கோரைசா என்று பெயர். தமிழில் வேர்ப்பூஞ்சை எனலாம்.

பூஞ்சை என்றவுடன் நமக்கு நோய்தான் நினைவுக்கு வரும். பயிர்நோய்களை ஆராய்வதற்கென்றே பயிற்சி பெற்று, பிறகு பூஞ்சைகளைப் பயிரின் தோழர்களாகவும் கண்டவர் ஆல்பர்ட் ஹோவர்டு.

இளமையும் கல்வியும்

ஹோவர்டு 1873ஆம் ஆண்டு திசம்பர் 8ஆம் நாள், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள பிஷப்ஸ் காசில் என்னும் ஊரில் பிறந்தார். உழவர் குடும்பத்தில் பிறந்த அவருக்கு மாடும் ஏரும் எருக்குழியும் புத்தகத்தில் கண்ட செய்திகள் அல்ல. பிள்ளைப்பருவம் முதல் பழகியவை. இலண்டனில் உள்ள அரச அறிவியல் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, இயற்கை அறிவியலிலும் வேளாண்மையிலும் தேர்ச்சி பெற்றார்.

1899ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் வேளாண் துறையில் பூஞ்சையியல் வல்லுநராகப் பொறுப்பேற்றார். பார்படோஸ் தீவில் ஆய்வகம் அமைந்திருந்தது. கரும்பைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராய்வது அவருடைய முதன்மைப் பணி. நுண்ணோக்கியின் வழியே நோய்க்காரணியைக் கண்டறிவது அவருக்குக் கைவந்த கலையாயிற்று. எனினும் ஒரு குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தாம் சொல்லும் மருத்துவத்தைத் தாமே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க அவரிடம் ஒரு துண்டு நிலமும் இல்லை. பயிரிடாத ஒருவர் பயிரிடுவோர்க்கு அறிவுரை கூறுவது எவ்வாறு பொருந்தும் என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வினாவுக்கான விடைதேடல் எனலாம்.

பூசாவில் கற்ற பாடம்

1905ஆம் ஆண்டு, பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பொருளாதாரத் தாவரவியல் அறிஞராக ஹோவர்டு இந்தியாவுக்கு வந்தார். விளைச்சல் மிகுந்த கோதுமை வகைகளை உருவாக்குவது அவருக்கு இடப்பட்ட பணி. பூசா 4, பூசா 12 முதலிய புகழ்பெற்ற கோதுமை வகைகள் அவ்வுழைப்பின் பயன்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் கிட்டாத நிலம் பூசாவில் அவருக்குக் கிட்டியது. ஏறத்தாழ 75 ஏக்கர் நிலத்தில் தம் விருப்பப்படி பயிரிட்டுப் பார்க்க முடிந்தது. சுற்றியிருந்த உழவர்களின் வயல்களை அவர் உற்றுநோக்கினார். பூச்சிமருந்தும் பூஞ்சைக்கொல்லியும் அறியாத அவ்வுழவர்களின் பயிர்களில் நோய் குறைவாக இருந்ததைக் கண்டு வியந்தார். அவர்கள் பயிர்களைக் கலந்து விதைத்தனர். பயறு வகைகளை இடையிட்டுப் பயிரிட்டனர். மண்ணைக் காற்றோட்டம் உள்ளதாக வைத்திருந்தனர். ஆளும் நாட்டிலிருந்து கற்பிக்க வந்த அறிஞர், எழுத்தறியா உழவர்களைத் தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் அவர் ஆசிரியர்களாகவே கருதினார். பயிர் நோயுறுகிறது என்றால், அதனை வளர்க்கும் முறையில் எங்கோ தவறு நேர்ந்துள்ளது. அதனைச் சுட்டிக்காட்டவே நோய் வந்துள்ளது என்பது அவர் கொண்ட முடிவு.

வேரை ஆராய்வதில் ஹோவர்டு காட்டிய பொறுமை வியப்புக்குரியது. மா, கொய்யா, பீச் முதலிய மரங்களின் வேர்த்தொகுதியை, மெல்லிய நீர்த்தாரையால் மண்ணைக் கரைத்து, அறுபடாமல் வெளிப்படுத்தினார். எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் வேர்கள் இயங்குகின்றன என்பதைப் பதிவு செய்தார். அடர்ந்த புல் மூடிய நிலத்தில் மரங்கள் நலிவதற்கு மண்ணில் காற்றோட்டம் குறைவதே காரணம் எனக் காட்டினார். இவ்வாய்வு 1925ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது.

ஆய்வில் இணைந்த துணைவி

ஹோவர்டின் ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது கேப்ரியேல் மத்தேயியை மறத்தல் கூடாது. கேம்பிரிட்ஜில் தாவர உடலியல் பயின்ற அவர், ஒளிச்சேர்க்கையின் மீது வெப்பநிலை செலுத்தும் தாக்கம் பற்றி ஆராய்ந்து, திருமணத்திற்கு முன்பே அறிவியல் உலகில் அறியப்பட்டிருந்தார். 1905ஆம் ஆண்டு இருவரும் மும்பையில் மணம் புரிந்துகொண்டனர். அதன்பின் வெளிவந்த ஆய்வுரைகள் பலவற்றில் இருவர் பெயரும் இணைந்தே இடம்பெற்றன. 1913ஆம் ஆண்டு கேப்ரியேல் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியல் அறிஞராகப் பூசாவில் அமர்த்தப்பட்டார். பெண்கள் ஆய்வகங்களில் நுழைவதே அரிதாயிருந்த காலத்தில் அவர் எய்திய நிலை இது. 1930ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஹோவர்டின் பெயர் நிலைத்த அளவுக்குக் கேப்ரியேலின் பெயர் நிலைக்கவில்லை. ஆயினும் வேரும் மண்ணும் பற்றிய அவ்வாய்வுகளில் பாதி உழைப்பு அவருடையது.

இந்தூர் முறை

பூசாவில் ஹோவர்டுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பூச்சியியல், பூஞ்சையியல், வேதியியல் எனத் துறைகள் தனித்தனியே சுவரெழுப்பிக்கொண்டு இயங்கின. ஒரு செடியின் இலை ஒருவருக்கு, வேர் மற்றொருவருக்கு, மண் வேறொருவருக்கு எனப் பங்கிட்டபின், முழுச்செடியைப் பார்ப்பவர் யார் என்று அவர் கேட்டார். அவ்வினாவுக்கு விடைகாண, 1924ஆம் ஆண்டு இந்தூரில் தொடங்கப்பட்ட பயிர்த்தொழில் நிலையத்தின் இயக்குநரானார். சுமார் 300 ஏக்கர் பரப்பில் அமைந்த அந்நிலையம் பருத்தி ஆராய்ச்சிக்காக ஏற்பட்டது. ஆனால், அங்கு விளைந்த பெரும்பயன் பருத்தி அன்று; மட்கு உரம்.

வயலில் எஞ்சும் தாள், களை, சருகு ஆகியவற்றை மூன்று பங்கும், மாட்டுச்சாணம், கோமியம் ஊறிய மண் ஆகியவற்றை ஒரு பங்கும் கொண்டு அடுக்கடுக்காகக் குழியிலோ குவியலாகவோ இடவேண்டும். புளிப்பை மாற்றுவதற்குச் சாம்பலைத் தூவவேண்டும். ஈரமும் காற்றும் குறையாமல் காக்கவேண்டும். குறித்த இடைவெளிகளில் கிளறிப் புரட்டவேண்டும். முதலில் குவியல் கைபொறுக்காச் சூடு கொள்ளும். பூஞ்சைகள் வெண்ணிற இழைகளாகப் படர்ந்து நாரையும் தாளையும் சிதைக்கும். அவை தொடங்கிய வேலையைப் பாக்டீரியாக்கள் முடிக்கும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் கருநிறமான, மண்வாசம் வீசும் மட்கு கிடைக்கும்.

இம்முறையில் புதுமை என்ன என்று கேட்கலாம். நம் உழவர்களின் எருக்குழியும் தொழுவுரமும் தொன்மையானவை. சீன உழவர்கள் கழிவுகளைப் பேணி மண்ணுக்குத் திருப்பும் மரபையும் ஹோவர்டு நூல்வழி அறிந்திருந்தார். அவர் செய்தது, கீழைநாட்டு மரபறிவை அளந்து, சோதித்து, எவரும் எங்கும் பின்பற்றத்தக்க ஒழுங்குமுறையாக வகுத்ததே. அதன் பெயரில் தம் பெயரைச் சேர்க்காமல், அது பிறந்த ஊரின் பெயரால் இந்தூர் முறை என்று அழைத்தார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிவியலாளருடன் இணைந்து, இம்முறையை விளக்கும் நூலை 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வாண்டே பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1934ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது.

வேருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு பாலம்

மட்கு இட்ட பயிர் செழிப்பதை ஹோவர்டு பலமுறை கண்டிருந்தார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அவரிடம் நிறைவான விளக்கம் இல்லை. மட்கில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவை மட்டும் கணக்கிட்டால், பயிரின் வளர்ச்சிக்கு அக்கணக்கு ஈடாகவில்லை.

1937ஆம் ஆண்டின் இறுதியிலும் 1938ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களை அவர் சுற்றிப்பார்த்தார். மட்கு பெற்ற தேயிலைச் செடிகளின் வேர்களையும் பிற செடிகளின் வேர்களையும் திரட்டி, இங்கிலாந்தில் வேர்ப்பூஞ்சை ஆய்வில் தேர்ந்திருந்த ரேய்னர் என்னும் பெண் அறிவியலாளரின் பார்வைக்கு அனுப்பினார். தேயிலை வேர்களில் வேர்ப்பூஞ்சை வாழ்வது உறுதியாயிற்று. மட்கு பெற்ற செடிகளில் அவ்வுறவு செழித்திருந்ததாகவும் ஹோவர்டு கண்டார். தாம் தேடிய விடை கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். வளமான மண்ணையும் பயிரின் வேரையும் இணைக்கும் உயிருள்ள பாலம் வேர்ப்பூஞ்சையே என்பது அவர் கருத்து. 1940ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற வேளாண் நூலில் இக்கருத்து நடுநாயகமாக அமைந்தது.

> தெரிந்து தெளிவோம்
>
> மைக்கோரைசா என்னும் சொல்லை 1885ஆம் ஆண்டு உருவாக்கியவர் செருமானிய அறிஞர் ஏ. பி. ஃபிராங்க். பூஞ்சை, வேர் என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. வேரைச் சூழ்ந்து, வேரின் தாக்கத்துக்கு உட்பட்ட மண்பகுதியை வேர்மண்டலம் என்பர். அதனைக் குறிக்கும் ரைசோஸ்பியர் என்னும் சொல்லை 1904ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர் மற்றொரு செருமானியரான லோரன்ஸ் ஹில்ட்னர்.

காலத்தின் தீர்ப்பு

ஹோவர்டின் கருத்துகளை அன்றைய அறிவியல் உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1840ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளர் லீபிக் வெளியிட்ட நூலுக்குப் பின், பயிருக்கு வேண்டுவன வேதிச்சத்துகளே என்னும் எண்ணம் வலுப்பெற்றிருந்தது. ஹோவர்டின் சான்றுகள் பெரும்பாலும் நேரில் கண்டவை. ஒப்பீட்டுச் சோதனைகளால் எண்ணிக்கையோடு நிறுவப்பட்டவை அல்ல என்று பலர் எதிர்வாதம் செய்தனர். அவ்வாதத்தில் நியாயமும் இருந்தது. மட்கு இட்டால் எல்லா நோய்களும் விலகும் என்னும் அளவுக்கு அவர் சில இடங்களில் எல்லை கடந்து பேசினார். வேர்ப்பூஞ்சையின் இழைகளை வேர் செரித்து, அவற்றிலுள்ள புரதத்தை உணவாகக் கொள்கிறது என்று அவர் நம்பினார். பிற்கால ஆய்வுகள் அவ்விளக்கத்தைத் திருத்தின.

திருத்தம் பெற்றபோதும் அடிப்படை நிலைத்தது. ஹோவர்டு பணியாற்றிய பூசாவிலேயே பூஞ்சையியல் அறிஞராக இருந்தவர் எட்வின் ஜான் பட்லர். இந்தியப் பயிர்நோயியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் 1939ஆம் ஆண்டு, வேரின் செல்களுக்குள் மரம்போல் கிளைத்து வாழும் ஒருவகை வேர்ப்பூஞ்சை பற்றி விரிவான ஆய்வுரை எழுதினார். மிகப் பலவகைத் தாவரங்களில் அது காணப்படுவதை அவ்வுரை எடுத்துக்காட்டியது. 1950களில் பார்பரா மோஸ் என்னும் பெண் அறிவியலாளர், இப்பூஞ்சையை வேரில் சேர்த்துச் செடியின் வளர்ச்சியை மிகுவிக்க முடியும் எனச் சோதனைகளால் காட்டினார்.

இன்று அவ்வுறவின் இயல்பு தெளிவாகிவிட்டது. பாஸ்பரஸ் மண்ணில் எளிதில் நகராத சத்து. வேர் தன் அருகிலுள்ள பாஸ்பரஸை எடுத்துவிட்டால் அவ்விடம் வெறுமையாகிவிடும். வேரால் எட்ட முடியாத தொலைவிலிருந்து பூஞ்சை இழைகள் அதனைத் திரட்டி வந்து கொடுக்கின்றன. கைம்மாறாகச் செடி, ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய உணவின் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தருகிறது. பெரும்பாலான நிலத்தாவரங்கள் இவ்வாறு வேர்ப்பூஞ்சையோடு வாழ்கின்றன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலும் இவ்வுறவின் தடயங்கள் உள்ளன. கடுகு, முட்டைக்கோசு, பீட்ரூட் போன்ற சில பயிர்களே இதற்கு விலக்கு.

வேர்மண்டலத்தில் வாழும் பூஞ்சைகள் அனைத்தும் நட்புப் பூஞ்சைகள் அல்ல. பியூசேரியம், பித்தியம் போன்றவற்றின் சில இனங்கள் வாடல் நோயையும் நாற்றழுகலையும் உண்டாக்கும். டிரைக்கோடெர்மா அத்தகைய நோய்ப்பூஞ்சைகளை அடக்கும். வேறு சில பூஞ்சைகள் தாளையும் சருகையும் மட்கச் செய்யும். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையை வழிநடத்திய டி. எஸ். சதாசிவன், பருத்தி வாடல் நோயை உண்டாக்கும் மண்வாழ் பூஞ்சையை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்றார். பலவகைப் பூஞ்சைகள் ஒன்றையொன்று தடுத்தும் தாங்கியும் வாழும் மண்ணில், ஏதேனும் ஒன்று மட்டும் பெருகிப் பயிரை அழிப்பது கடினம். இப்பன்மையே மண்ணின் காவல்.

நெல்வயலும் வேர்ப்பூஞ்சையும்

நீர் தேங்கிய நெல்வயலில் இவ்வுறவு எவ்வாறு இயங்கும் என்னும் ஐயம் எழலாம். பூஞ்சைக்கு உயிர்க்காற்று வேண்டும். சேற்றில் அது குறைவதால், நீர் நிற்கும் காலத்தில் நெல்வேரில் வேர்ப்பூஞ்சை சுருங்குகிறது. எனினும் முற்றிலும் அழிவதில்லை. புழுதி விதைப்பிலும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விடும் வயலிலும் அது நன்கு பரவுகிறது. நீர் வடிந்தபின் விதைக்கும் உளுந்திலும் பச்சைப்பயற்றிலும் வேர்ப்பூஞ்சை மீண்டும் தழைக்கிறது. அதன் வித்துகள் அடுத்த பருவத்துக்காக மண்ணில் தங்குகின்றன. நெல்லுக்குப் பின் பயறு என்னும் மரபு, விற்பனைக்கு ஒரு விளைச்சலைத் தருவதோடு, வேரடி உயிர்களுக்கு வாழ்வும் தருகிறது.

ஆடுதுறையில் 1922 முதல் இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையமும், கோயம்புத்தூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகமும் தமிழக உழவர்களுக்கு வழிகாட்டி வருகின்றன. வேர்ப்பூஞ்சை இன்று உயிர் உரமாகவும் கிடைக்கிறது. ஆனால், வாங்கி இடும் பூஞ்சையினும் வயலிலேயே வாழும் பூஞ்சையைப் பேணுவது எளிது. அறுவடைக்குப் பின் தாளை எரித்தால் மண்ணுயிர்களின் உணவு புகையாகிறது. பாஸ்பரஸ் உரத்தைத் தேவைக்கு மிஞ்சி இட்டால், செடி பூஞ்சையின் உதவியை நாடுவது குறைந்து உறவு தளர்கிறது. தக்கைப்பூண்டு, சணப்பை, கொழுஞ்சி ஆகியவற்றை மடக்கி உழுவதும், தொழுவுரம் இடுவதும், பயிர்களை மாற்றிப் பயிரிடுவதும் மண்ணின் உயிர்ப்பன்மையைக் காக்கும் வழிகள். இவற்றுள் எதுவும் நம் முன்னோர் அறியாதது அன்று.

ஹோவர்டின் கொடை

1947ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் ஹோவர்டு மறைந்தார். இந்தியா விடுதலை பெற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பசியைத் தீர்க்கும் கடமை புதிய நாட்டின் முன் நின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் உயர்விளைச்சல் வகைகளும் வேதியுரங்களும் பெருகின. பஞ்சத்தின் அச்சம் அகன்றது. அந்நன்மையை மறுப்பதற்கில்லை. அதே காலத்தில் மண்ணுக்குத் திரும்பிய தாளும் சாணமும் குறைந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பதை ஹோவர்டு இயற்கையின் விதியாகக் கூறினார். அவ்விதியை மீறியதன் விலையை உலகெங்கும் உழவர்கள் இன்று உணர்ந்து வருகின்றனர்.

ஹோவர்டு எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்லர். ஆயினும், சரியான இடத்தைப் பார்த்தவர். மற்றவர்கள் இலையையும் கதிரையும் நோக்கியபோது அவர் குனிந்து வேரை நோக்கினார். தம் நாட்டின் அறிவே உயர்ந்தது என்னும் செருக்கைக் களைந்து, ஆளப்பட்ட மக்களின் வயலில் மாணவராக நின்றார். அறிவு எங்கிருந்தாலும் அங்குச் சென்று கற்கும் பணிவே அறிவியலின் வேர். அவ்வேர் உறுதியாக இருந்ததால்தான், அவருடைய விளக்கங்களில் சில உதிர்ந்த பின்னும் அவர் நட்ட மரம் நிலைத்து நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பயிராகும் உளுந்து, நெல் ஆகியவற்றின் வேர்களைக் கழுவி உற்றுநோக்கி, கண்ட வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. முன்னாளில் எரு சேர்த்த முறைகளைப் பற்றி உங்கள் பகுதி முதிய உழவர் ஒருவரிடம் உரையாடி, இந்தூர் முறையோடு ஒப்பிட்டு எழுதுக.
3. 'அறுவடைக்குப் பின் தாளை எரித்தல்: தேவையா, தீங்கா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
4. ஓர் அறிவியலாளரின் விளக்கம் பிற்காலத்தில் திருத்தப்படுவதால் அவருடைய பெருமை குறையுமா? பாடத்தின் அடிப்படையில் உங்கள் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.